நாக்கில் வைத்துப் பார்த்த சோப்பு

கண்ணு,

குழந்தையின் மேல் நம் சோப்பு படக் கூடாது. இந்தக் கடிதத்தில் விஷயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம், இந்த ஒரு வரியால் ஏன் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதற்கான விளக்கம். நேரமில்லாவிட்டால் முதல் வரியோடு நிறுத்திக்கொள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றும். நேரில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்லி முடித்ததும் நீ "செரிங்கம்மா" என்கிறாய். நம் பக்கத்தில் ஒரு பேச்சை முடித்துவைக்க அதைவிட மரியாதையான வழியும் கிடையாது, அதைவிட உறுதியான வழியும் கிடையாது. முடியாது என்று சொல்பவனோடு சண்டை போடலாம். சரி என்று சொல்பவனை என்ன செய்ய முடியும்? காகிதத்துக்கு ஒரு வசதி உண்டு. நீ சரி என்று சொன்ன பிறகும் அது வாயை மூடாது. இதை ஒட்டாத உறையில்தான் வைக்கிறேன். உன் அப்பா படிக்கட்டும், பேக்கிங் பெண்கள் படிக்கட்டும், சூலூரில் சோப்பு வாங்குகிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். படித்துவிட்டு மறுபடியும் நம் சோப்பைத்தான் வாங்குவார்கள், பயப்படாதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் கார் பிடித்துக் கிணத்துக்கடவு போய், பிரசவத்துக்குத் தாய்வீடு போன சுமதியையும் என் பேத்தியையும் அழைத்துவரப் போகிறீர்கள். வருகிற வழியில் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் குழந்தையைப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறாய். அந்தப் படம் நீ புதிதாகக் கொண்டுவரப்போகிற குழந்தைச் சோப்பின் ரேப்பரில் வரப்போகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை, கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கிணத்துக்கடவு போய்வந்தது உனக்குத் தெரியாது. அங்கே பார்த்ததைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் நீ மிச்சத்தைப் படிக்கமாட்டாய்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பி.யு.சி. தேறியிருந்தேன். லிட்மஸ் தாள் எதில் சிவக்கும், எதில் நீலமாகும் என்று தெரிந்த ஒரே ஆள் இந்தச் சோப்புக் கம்பெனியில் நான்தான். அதனால் எனக்குச் சமையலறையைக் கொடுத்தார்கள். சோப்புக் காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்தில் போக எனக்கு வேலையில்லை என்றாலும், சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் கொப்பரை இருந்தது. தேங்காய் எண்ணெய்க் கசடும் புங்கெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் அதில் சேர்ந்து கொதித்துக் கஞ்சிப் பதம் வந்ததும், உன் அப்பா ஒரு குச்சியில் தொட்டு, ஊதி ஆறவைத்து, நாக்கு நுனியில் வைப்பார். சுருக்கென்றால் காரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். ஒன்றும் தெரியாவிட்டால் சோப்புப் பதம் ஆகிவிட்டது. சின்னச் சோப்புக் கம்பெனிகளில் அப்போது பலரும் செய்ததுதான், தப்பான முறை என்று சொல்லமாட்டேன். நாக்கு ஒரு நல்ல கருவி. அதில் ஒரே குறை, தேய்ந்துபோனால் கடையில் புதிதாக வாங்க முடியாது.

தினமும் காரத்தைத் தொட்ட நாக்கு வருஷம் போகப் போக மரத்தது. மரத்த நாக்குக்குச் சுருக்கென்று பட வேண்டுமானால் முன்னைவிட அதிகக் காரம் வேண்டும். ஆகவே அப்பா "பதம்" என்று கையைத் தூக்கிய சோப்பு, ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கடுமையாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் நாக்குக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. கம்பெனியில் வேறு யாரும் நாக்கை நீட்டவில்லை, முதலாளி பார்த்துப் பதம் என்று சொன்னதை இன்னொருவர் நக்கிப் பார்ப்பது மரியாதை இல்லை. வாங்குகிறவர்களும் முறையிடவில்லை. சந்தையில் ஒரு அம்மாள் என்னிடமே சொன்னாள்: "உங்க சோப்புலதானுங்க தொவைக்கறப்பவே கை சுருசுருங்குது. அழுக்குப் போவுதுன்னு நமக்கே தெரியுதில்லீங்க." வியாபாரம் பெருகியது. அரசாங்கங்கள் எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றி நான் பிற்பாடு நூலகத்தில் நிறையப் படித்தேன். புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

எனக்கு இது ரசத்தில்தான் பிடிபட்டது. ஒருநாள் சாப்பிடும்போது உப்பே இல்லை என்றார்.

"ஏனுங்க, வழக்கமாப் போடறதுல ரெண்டு பங்கு போட்டிருக்கறனுங்க" என்றேன்.

"அப்ப மூணு பங்கு போடு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் கோயமுத்தூர் போனபோது, பள்ளிக்கூட லாபுக்குச் சாமான் விற்கிற கடையில் பி.எச். பார்க்கிற தாள் ஒரு கட்டு வாங்கிவந்தேன். நம் சோப்பில் ஒரு துண்டைக் கரைத்து அதில் தாளை நனைத்தேன். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த நிறங்களில் கடைசிக்கு முந்தின நிறம் வந்தது. நல்ல கருநீலம். அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். சோப்பில் காஸ்டிக் மிச்சம் நிற்கிறது, உங்கள் நாக்கு மரத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் அதை அப்படியே சொல்ல முடியாது. "இதென்னங்க இப்பிடி நெறம் வருது, பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அருமையான நெறம். நம்ம ரேப்பருக்கு இதையே போட்டர்லாம்" என்றார். அடுத்த முறை சிவகாசியிலிருந்து ரேப்பர் அந்த நிறத்தில்தான் வந்தது. இன்றுவரை அதே நிறம்தான். நம் சோப்பில் எவ்வளவு காரம் இருக்கிறது என்பதை அதன் உறையிலேயே நேர்மையாக அச்சடித்து விற்கிற கம்பெனி இந்தியாவில் நமது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் கருநீலத்துக்கு என்ன பொருள் என்று உனக்கு நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், நீ இரண்டு தடவை சரி என்றிருக்கிறாய். மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது. வேர்வையும் தோலில் ஊறுகிற எண்ணெயும் சேர்ந்து உண்டாவது. அது லேசான புளிப்பு, அதாவது அமிலம். பி.எச். கணக்கில் தண்ணீர் ஏழு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தோல் ஐந்து, ஐந்தரையில் நிற்கிறது. நல்ல சோப்பே ஒன்பதைத் தாண்டும். நம் சோப்பு பத்தைத் தாண்டிவிட்டது. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே ஐந்துதானே என்று நினைக்காதே, ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அந்தப் புளிப்பு இருக்கிறவரை தோல் தன் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது, கெட்ட கிருமிகளை வெளியே நிறுத்துகிறது. காரம் பட்டால் படலம் போய்விடும். வளர்ந்தவர்களின் தோல் சில மணி நேரத்தில் அதை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். அதற்குள் மறுபடி சோப்புப் போட்டால் மறுபடி போய்விடும். ஒருநாள் தோலும் சலித்துக் கையை விரித்துவிடும். அப்புறம் வறட்சி, வெடிப்பு, அரிப்பு, சொறிந்த இடத்தில் புண். பிறந்த குழந்தைக்கோ அந்தப் புளிப்பு உடனே வருவதில்லை, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏறும். பாலில் உறை ஊற்றி மூடிவைக்கிறோமே, அந்த நிலைமை. அப்போது யாராவது பாத்திரத்தைத் திறந்து சோடா உப்பைப் போட்டுக் கலக்குவார்களா? நம் வீட்டில் கலக்குவார்கள். நம் சோடா உப்பு என்றால் கட்டாயம் கலக்குவார்கள்.

ஏனென்றால் இது வெறும் துவைக்கிற சோப்பு இல்லை, குடும்ப கௌரவம். உன் பெரிய அத்தையின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நன்றாக அறிந்தவள் என்ற முறையில் பொருத்தமான பெயர் என்பேன். துவைக்கிற சோப்பைச் செய்து விற்கிற வீட்டில் குளிக்கிற சோப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது துரோகம் என்பது இங்கே எழுதாத சட்டம். நான் வந்த புதிதில் என் பெட்டியில் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த ரோஜா வாசனைச் சோப்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்த உன் அத்தை சத்தம் போடவில்லை, "ஏனுங்க அம்மணி, நம்மூட்டு சோப்பு ஆகாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் குளித்தது நம் சோப்புப் பாரில் அறுத்த துண்டில்தான். தலைக்கு மட்டும் அரப்பு. அரப்பு இலைப்பொடி சோப்பு இல்லை என்பதால் அது துரோகத்தில் சேராது. வந்த விருந்தாளிகளுக்கும் அதே துண்டுதான். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வரும்போது குளித்துவிட்டே வந்தார்கள். அதை நாம் அவர்களுடைய சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

உனக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்னாலும் உனக்கு எப்போதும் தோல் தடித்து வெடித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் உனக்கு ஓணான் என்று பேர். நீ சொறிந்துகொண்டே தூங்குவாய், காலையில் விரிப்பில் ரத்தப் பொட்டு இருக்கும். அந்த விரிப்பைத் துவைத்ததும் நம் சோப்பில்தான், கறை அருமையாகப் போகும். என் விரல்களிலும் அதேதான். கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். உன் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன சோப்பு என்று கேட்டார். அப்பா பெருமையோடு சொன்னார். சோப்பை மாற்றுங்கள் என்றார் டாக்டர். நாங்கள் டாக்டரை மாற்றினோம். அடுத்த டாக்டர் களிம்பு கொடுத்தார், சோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "தோல் பழகிக்குமுங்க, கண்ணு" என்று அப்பா உன்னிடம் சொல்வார். பழகியது உண்மைதான். நீ கல்லூரி விடுதிக்குப் போனாய், அங்கே எல்லோரும் போடுகிற சோப்பைப் போட்டாய், முதல் லீவுக்கு வரும்போது உன் முழங்கை வழவழவென்று இருந்தது. லீவு முடியும்போது மறுபடி வெடித்திருந்தது. சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனை செய்ய முடியாது. நீ அதைச் சூலூர்த் தண்ணீர் என்று முடிவு கட்டினாய். எம்.காம். படித்தவன்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. துணி துவைக்கிற பவுடர் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது, பட்டணத்தில் பார் சோப்பைத் தொடுகிற ஆள் குறைந்துவிட்டது. மூன்று வருஷமாகக் கொப்பரை வாரத்தில் பாதி நாள்தான் எரிகிறது. இந்த நிலைமையில் வீட்டுக்கு கேபிள் டி.வி. வந்தது. அதில் ஒரு சோப்பு விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி பி.எச். ஐந்தரை என்று சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக நான் சொல்லிவந்த அந்த இரண்டு எழுத்து உன் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, இந்த பி.எச்.சை நம்மளும் போடோணுமுங்க" என்றாய்.

"போடறது இல்லடா கண்ணு, அது இருக்கறது. எல்லாத்துக்கும் இருக்கும். நம்மளுதுக்குப் பத்துக்கு மேல இருக்குது."

"அதாங்கம்மா. அஞ்சரைக்குக் கொண்டாந்துட்டாக் கொழந்தைச் சோப்பு ஆயிரும்."

எலுமிச்சம் பழம் புளிப்பு, சோப்பு காரம், இரண்டையும் சேர்த்தால் நடுவில் நிற்கும் என்பது உன் கணக்கு. கணக்கு என்ற அளவில் தப்பில்லை. ஒரு கூடை பழத்தைப் பிழிந்து கொப்பரையில் ஊற்றினாய். மிச்சக் காரத்தைத் தின்று தீர்த்த பிறகு அமிலம் சோப்பையே தின்னத் தொடங்கியது. பால் திரிவது மாதிரி முழுக் கொப்பரையும் திரிந்து, மேலே பிசுபிசுவென்று கொழுப்பு மிதந்தது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. தோலின் புளிப்புக்கு அதை இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது, எண்ணெய்ப் பிசுக்காகப் பிரிந்துவிடும். ஐந்தரையில் நிற்கிற கட்டிகள் உலகத்தில் இருக்கின்றன. அவை சோப்பே இல்லை, வேறு சரக்கு, வேறு இயந்திரம். நம் கொப்பரையில் வராது. அன்று அப்பா அந்தத் திரிந்த கொப்பரையைக் கிண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இந்த விஷயத்தில் நம் வீட்டில் சொல்லப்பட்ட கடைசி உண்மை: "நல்லதாக்கறேன்னு போனாக் கெட்டுப்போவுது பாரு. அதது அததாட்டத்தான் இருக்கோணும்."

நீ மனம் தளரவில்லை. சோப்பை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் ரேப்பரை மாற்றினாய். இளஞ்சிவப்பு ரேப்பர், மூலையில் பூ, நடுவில் குழந்தைப் படத்துக்கு இடம், கீழே "பி.எச். சமன் செய்யப்பட்டது." உள்ளே அதே பார், கொஞ்சம் வாசனை சேர்த்து, சின்னதாக அறுத்தது.

"இது பொய்யில்லையாடா?" என்று கேட்டேன்.

"பி.எச்.னா என்னன்னு யாருக்குங்கம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க வாங்கப்போறதில்லீங்களே."

அடுத்ததாக நான், ஊரான் பிள்ளைகளுக்கு விற்கப்போகிற சோப்பை நம் பிள்ளைக்குப் போடத் துணிவாயா என்று கேட்டேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். ஏமாற்றுக்காரனாக இருந்தால் அந்தக் கேள்வியில் தலைகுனிந்திருப்பாய். நீ நிமிர்ந்து, "நம்ம பாப்பாளுக்குத்தானுங்கம்மா மொதல்ல" என்றாய். சொந்தப் பிள்ளையின் மேல் தேய்க்கிற அளவுக்கு அதை நம்புகிறாய். அயோக்கியனைத் திருத்த வழி இருக்கிறது. நாணயஸ்தனிடம் நான் என்ன செய்ய?

இனி வியாழக்கிழமை. உக்கடத்தில் பஸ் மாறிக் கிணத்துக்கடவில் இறங்கியபோது என் திட்டம் எளிது. உன்னை மாற்ற முடியாது, ஆகவே அவர்களை மாற்றுவது. குழந்தையை இன்னும் இரண்டு மாதம் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், பாசிப்பயறு மாவும் தேங்காய் எண்ணெயும் போட்டே குளிக்கவையுங்கள் என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டு வருவது. மருமகளை வரவேண்டாம் என்று மாமியாரே போய்ச் சொன்னால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். பேசட்டும் என்றுதான் போனேன்.

தோப்புக்குள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் சுமதி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கொடுத்தாள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் சிவந்து, ஓரத்தில் செதில் மாதிரி உரிந்திருந்தது. முழங்கை மடிப்பில் உன்னுடையது எங்கே இருந்ததோ அங்கேயே தொடங்கியிருக்கிறது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். சம்பந்தியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார். இளஞ்சிவப்பு ரேப்பர். குழந்தைப் படத்துக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது.

"மாப்ளை போன மாசமே பொட்டியோட குடுத்தனுப்பிச்சாருங்க சம்மந்தி. அன்னைல இருந்து பாப்பாளுக்கு இதேதானுங்க. பயத்தமாவெல்லாம் அக்கட்டால வெச்சுப்போட்டோமுங்க."

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்காக நான் பயந்துகொண்டிருந்தது ஒரு மாதமாக நடந்துகொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எங்க சோப்பு கொழந்தைத் தோலுக்கு ஆகாதுங்க. நிறுத்திப்போடுங்க."

"அய்யோ, என்னங்க இப்பிடிச் சொல்லிப்போட்டீங்க! நம்ம சோப்ப நம்மளே கொறைச்சுப் பேசலாமுங்களா?"

"கொறைச்சுப் பேசலீங்க. மெய்யாலுமே அதுல காரம் சாஸ்திங்க. தோல் புண்ணாயிருமுங்க."

அவர் உள்ளே திரும்பி, தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, கேட்டீங்களா? இத்தன பெரிய கம்பெனி வெச்சுட்டு சம்மந்தி எப்பிடிப் பேசறாங்கன்னு பாருங்க. நம்மூட்டுல நாலு தென்னை காய்ச்சா நீங்க என்ன பேச்சுப் பேசுவீங்க?"

விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பாடு சரியில்லை என்று சொல்வதும், புதுவீடு கட்டிவிட்டு ஏதோ ஓட்டைக் குடிசை என்று சொல்வதும் நம் ஊர் வழக்கம். கேட்பவர் மறுக்க வேண்டும் என்பதும் வழக்கம். நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவுக்கு என் அடக்கம் உயர்ந்துகொண்டே போனது. பி.எச். பற்றிச் சொன்னேன். "அதான் ரேப்பர்லயே போட்டிருக்குதுங்களே" என்று சம்பந்தியே எழுந்துவந்து விரலை வைத்துக் காட்டினார். சிவந்திருக்கிறதே என்றேன். புதுக் காற்று, புதுத் தண்ணி, பாப்பா நல்ல நிறமாக வரப்போகிறாள், அதனால் சிவப்பு என்றார்கள். கண்ணு, நான் படித்த புத்தகம் எதிலும் இதற்கு வழி சொல்லவில்லை. உண்மையை மறைப்பவர்களை எப்படி எதிர்ப்பது என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். சொன்ன உண்மையை மரியாதையாக எடுத்துக்கொள்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்குள் வெந்நீர் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வந்திருக்கும்போது குழந்தையை வேறு யார் குளிப்பாட்டுவது? என்னை மணையில் உட்காரவைத்து, நீட்டிய காலில் குழந்தையைப் போட்டு, கையில் நம் சோப்பைக் கொடுத்தார்கள். வீடே சுற்றி நின்றது. நான் சோப்பை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, விரல்களால் வெறும் தண்ணீரைத் தேய்த்தேன். குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. இந்த முறை தப்பித்தாய் என்று நினைத்தேன். சம்பந்தியம்மாள் குனிந்து பார்த்தார்.

"நொரையே வர்லீங்களே சம்மந்தி."

உண்மையைச் சொல்லித்தான் ஒருமுறை பார்த்தாயிற்று. "சப்பைத் தண்ணிங்க போல" என்றேன்.

"ஆமாங்க, ரெண்டு மாசமா போர்த் தண்ணி உப்புக் கரிக்குதுங்க. அதான் நொரை எந்திரிக்கறதில்ல. இனி இன்னுங் கொஞ்சம் சாஸ்தியாவே போட்டு அழுத்தித் தேச்சு உடறோமுங்க."

இந்தக் குடும்பத்தில் எல்லோரையும் போல நானும் நல்லது செய்யப் போய் என் பங்கைச் செய்துவிட்டு எழுந்தேன்.

உனக்கு நான் சொல்ல விரும்பிய புத்திமதிகள் நிறைய இருந்தன. பெண்ணைப் பெற்றவன் ஆகிவிட்டாய், அவள் பள்ளிக்கூடம், அவள் கல்யாணம் என்று எழுத எத்தனையோ யோசித்துவைத்திருந்தேன். இப்போது ஒன்றுதான் மிச்சம். யாராவது உன்னிடம் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினால், அவர்கள் உனக்குப் பயந்து எதையோ பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். உன் மாமனார் வீட்டில் உன்னிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

சாயங்காலம் சுமதி மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். தோப்பைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியுமுங்கத்தை. சோப்புப் போட்ட மக்யா நாளே தடிச்சுப்போச்சுங்க. நிறுத்தலாம்னு அம்மாகிட்டச் சொன்னேனுங்க. மாப்ளை ஆசையா அனுப்பிச்சத வேண்டாம்னா, நாளைக்கு உன்னைய அந்தூட்டுல எப்பிடி வெச்சுக்குவாங்கன்னு கேக்கறாங்க."

"நீ சொன்னயா அவன்கிட்ட?"

"போன்ல சொன்னேனுங்க. பழகிக்கும்னாரு."

குழந்தை தூக்கத்தில் கழுத்தை அவள் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதக் குழந்தைக்குச் சொறியத் தெரியாது. அரிக்கிற இடத்தை எதிலாவது தேய்க்க மட்டும் தெரியும். நீயும் அப்படித்தான் தேய்ப்பாய், அந்த வயதில். நான் அதை உனக்குப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீட்டில் போன் இல்லை, மெயின் ரோட்டுத் தேங்காய் மண்டியில் இருக்கிறது. கூப்பிட்டுச் சொன்னால் உன் மாமனார் ஓடிவருவார். சோப்பை நிறுத்துங்கள், பயறு மாவு போதும் என்று நீ சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவார்கள், காரணம்கூடக் கேட்கமாட்டார்கள். அவர்களிடம் காரணம் சொல்லி நான் தோற்றுவிட்டேன். உனக்குக் காரணமே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்த பிறகு அதே வார்த்தையை இந்த வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கும், அப்பாவின் முன்னால். படத்துக்காகக் கவலைப்படாதே, சிவப்பு தெரியாமல் ஸ்டுடியோக்காரர் திருத்திக்கொடுப்பார் என்று நீயே சுமதியிடம் சொல்லியிருக்கிறாயாம்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ் நின்றது. உனக்குக் கடிதமே எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சுமதி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எழுதிக் கேட்டாலாச்சும் அவரு சொல்லுவாருங்களா, அத்தை?" என்று கேட்டாள். கண்டக்டர் விசில் ஊதியது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அம்மா